கரைக்கு என்ன நிறம்

கடையிலிருந்து
மார்ச் 9

ஆலென்,

நீ மூன்று முறை கூப்பிட்டாய். எடுக்கவில்லை. எடுத்தால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன், எழுதினால் பாதி அடங்கும் என்றுதான் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

சுல்ஃபோ மாமா போய்விட்டார். எதிர்வீட்டு ரயில் ஓட்டுநர், நம்மை எஞ்சினில் ஏற்றி அடுத்த ஸ்டேஷன் வரை கூட்டிப்போனவர். நேற்று விடியற்காலையில் போனார். அன்றைக்கே மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா, அடக்கம். மரண அறிவிப்பை நான்தான் அடித்துக் கொடுத்தேன், நீ மாற்றிக் கொடுத்த புது இணையதளத்திலிருந்து. மருத்துவமனையில் அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கண்ணே தெரியவில்லை. அறிவிப்பைச் சுற்றி ஓடும் கரை கறுப்பாக வந்ததைப் பார்த்தேன். கலர் மை தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன், நம் அச்சுக்கடைப் பிரிண்டரின் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. இன்னொரு முறை அடிக்க நேரமில்லை. பாலத்தடி அறிவிப்புப் பலகையிலும் லிண்டன் மரத்திலும் ஒட்டிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினேன்.

முஸ்லிமுக்குப் பச்சைக் கரை, சிலுவைக்காரர்களுக்குக் கறுப்பு, இளவயதில் போன பிள்ளைகளுக்கு நீலம். இந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது தெரியும். ஐந்து வேளையும் தொழுத மனிதருக்கு நான் கறுப்புக் கரை போட்டு ஊர் நடுவில் ஒட்டியிருக்கிறேன்.

அவர் மனைவி ராபியா அத்தை சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. பலகை முன்னால் நின்று நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதை எடுத்தாள். அப்புறம் நம் கடை வாசலுக்கு வந்து, "இவரு யாருன்னு உனக்குத் தெரியாதா, யாஸ்மிங்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகுதான் கணினியைத் திறந்து பார்த்தேன். மை தீரவில்லை. தளத்தில் எல்லாக் கரையும் கறுப்பு. போன வருடம் ஆற்றில் போன அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணின் நீலம்கூடக் கறுப்பு. வியன்னாவிலும் மால்மோவிலும் போய்க் குடியேறி, ஊரின் சாவைத் திரையில் பார்ப்பவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

அம்மா செத்த வீட்டில் நீ சாப்பாட்டு மேஜையைத் தட்டிச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "செத்தவங்களுக்கு எதுக்குக்கா நிறம்? எல்லாருக்கும் ஒரே கரை போதும்." அம்மாவின் அறிவிப்பில் நான் சிலுவை போட்டேன் என்று மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராட்ஸுக்குப் போனவன் நீ. ஊருக்கே ஒரே கரை போட்டுவிட்டாய். திருப்தியா?

தளத்தின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இனி அதில் கை வைக்காதே.

அப்பாவுக்கு மூச்சு இன்னும் சரியாகவில்லை.

யாஸ்மிங்கா


கிராட்ஸ்
மார்ச் 10

அக்கா,

நான் வேண்டுமென்று செய்யவில்லை. இதை முதல் வரியில் எழுதினால் நீ நம்ப மாட்டாய், கடைசியில் எழுதினால் அதுவரை படிக்க மாட்டாய். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

நடந்தது இதுதான். பழைய தளத்தில் உன் கரைகள் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய படங்களாக இருந்தன. பக்கத்தின் நிறம், அளவு எல்லாம் சொல்லும் சிஎஸ்எஸ் விதிகள் அப்படிப்பட்ட படத்துக்குள் நுழையாது. பெயரும் உறவினர் வரிசையும் நீளமாக இருந்தால் கரை போதவில்லை, நீண்டுகொடுக்க வேண்டும் என்று நீ கேட்டாய். அதற்காக நீ கோடு கோடாக வரைந்த எஸ்விஜி படங்களை அப்படியே பக்கத்துக்குள் எடுத்து வைத்தேன். உள்ளே வந்துவிட்டால் அவையும் பக்கத்தின் பேச்சைக் கேட்டாக வேண்டும்.

பக்கத்தின் அடியில் சின்னச் சின்னப் படங்கள் உண்டு. மெழுகுவத்தி, தொலைபேசி, கடித உறை. ஆளுக்கொரு நிறத்தில் பல்லிளித்துக்கொண்டு நின்றன. மரண அறிவிப்புக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் தொலைபேசி எதற்கு என்று அவற்றை அடக்க ஒரு வரி எழுதினேன்: வரைந்த கோடு எல்லாம் கறுப்பு, உள்ளே நிரப்புவதும் கறுப்பு. அந்தப் படங்களுக்கு மட்டும் என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். அசட்டையாக எல்லாவற்றுக்கும் என்று எழுதிவிட்டேன்.

நீ கேட்பாய், நான் கரையின் மேலேயே பச்சை என்று எழுதியிருக்கிறேனே, அதற்கு மரியாதை இல்லையா என்று. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். பொருளின் மேலேயே எழுதியிருப்பதுதான் கெட்டி என்று தோன்றும். ஆனால் நீ எழுதியிருக்கும் விதத்தில் அது ஒரு வேண்டுகோள் மாதிரிதான். வேறு யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் பச்சை. சிஎஸ்எஸ்ஸில் போகிறபோக்கில் ஒருவன் எழுதிவைத்த வரிகூட அதை மீறிவிடும். அதே பச்சையை, அதே கரையின் மேல், ஸ்டைல் என்று போட்டு அதற்குள் எழுதினால் கதை வேறு. அது ஆணி அடித்த மாதிரி. என் வரியால் அசைக்க முடியாது.

சரிபார்க்கவில்லையா என்று அடுத்து கேட்பாய். பார்த்தேன். ஒரே ஒரு அறிவிப்பைத் திறந்து பார்த்தேன், அம்மாவுடையது. அது ஏற்கெனவே கறுப்பு. அதைப் பார்த்த பிறகு வேறெதையும் திறக்கத் தோன்றவில்லை.

பாஸ்வேர்டைக் கொடு. என் வரியை எடுத்துவிடுகிறேன், இரண்டு நிமிட வேலை. ராபியா அத்தைக்கு நானே எழுதட்டுமா?

அப்பா என்னைப் பற்றிக் கேட்டாரா?

ஆலென்


கடையிலிருந்து
மார்ச் 13

ஆலென்,

பாஸ்வேர்டு கிடையாது. உன் வரியை நான் தொடவும் மாட்டேன். நான் எதையாவது எடுத்து எதுவாவது சாய்ந்துவிட்டால் அதற்கும் உன்னிடம்தான் வந்து நிற்க வேண்டும். உன் வரி அங்கேயே கிடக்கட்டும், என் கரைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ராபியா அத்தைக்கு எழுதாதே. கிராட்ஸிலிருந்து விளக்கம் வந்தால் அவளுக்கு வயிறு இன்னும் எரியும்.

ஆனால் உன் வைத்தியம் பலிக்கவில்லை. கரை, பிறை, நட்சத்திரம் மூன்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறேன் இல்லையா, அந்த மூட்டையின் மேல் நீ சொன்னபடி ஸ்டைல் என்று போட்டுப் பச்சையை எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை. கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது. ஆணி அடித்த மாதிரி என்றாய், ஆணி எங்கே போய் இறங்கியது என்று தெரியவில்லை.

அப்பா உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் மட்டும், "பையன் ஆஸ்திரியாவுல பெரிய வேலையில இருக்கான், லீவு கெடைக்காது" என்று தினமும் சொல்கிறார். அந்த ஆள் காது கேளாதவர், அதனால் தினமும் புதிதாகக் கேட்டுக்கொள்கிறார்.

மருத்துவர் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார். கோடை வரைக்கும் தாங்குவார் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்பாவின் அறிவிப்பையும் நான்தான் அடிக்க வேண்டியிருக்கும், ஆலென். அதற்கு என்ன கரை? அம்மாவின் சமயத்தில் நடந்த மாதிரி சவத்தை வீட்டில் வைத்துக்கொண்டு உன்னோடு மல்லுக்கட்ட என்னிடம் தெம்பு இல்லை. இப்போதே சொல்லிவிடு.

யாஸ்மிங்கா


கிராட்ஸ்
மார்ச் 14

அக்கா,

முதலில் சுலபமானது. மூட்டையின் மேல் எழுதினால் அது உள்ளே இருப்பவற்றுக்கு நேராகச் சொன்னது ஆகாது. அவை அந்த நிறத்தை மேலிருந்து வாரிசாகத்தான் பெறும். வாரிசாக வருவதற்குத்தான் எல்லாவற்றிலும் பலம் குறைவு. என் வரி எல்லாவற்றுக்கும் என்பதால் கரையையும் பிறையையும் நேராகவே போய்த் தொடுகிறது, அதனால் அதுதான் நிற்கும். மூட்டையைப் பிரித்து, கரை மேல் தனியாக, பிறை மேல் தனியாக, நட்சத்திரத்தின் மேல் தனியாக எழுது. சரியாகும்.

இனி மற்றது. நான் அன்றைக்கு மேஜையைத் தட்டியது சிலுவைக்காக இல்லை. அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியது எனக்கும் தெரியும். அம்மாவுக்குக் கறுப்பும் சிலுவையும் போட்டால், என்றைக்காவது அப்பாவுக்குப் பச்சை போட வேண்டிவரும். இரண்டு பேர் இரண்டு கரை, இரண்டு கல்லறைத் தோட்டம். முஸ்லிம்களும் சிலுவைக்காரர்களும் சண்டையிட்ட அந்த வருடங்களில் நம் வீட்டுக் கதவைத் தட்டி "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டவர்களுக்கு அப்பா ஒருநாளும் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு வேலை போனது, பல் இரண்டு போனது. கடைசியில் நாமே ஒட்டப் போகிறோமா பதிலை, பாலத்தடியில்?

வெறும் கறுப்புக் கரை. பிறை இல்லை, சிலுவை இல்லை. நான் கேட்பது அதுதான்.

நீ பச்சை என்பாய் என்று தெரியும். அவரையே கேளேன். நமக்குள் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்?

ஆலென்


கடையிலிருந்து
மார்ச் 20

ஆலென்,

மூட்டையைப் பிரித்தேன். ஒவ்வொன்றின் மேலும் தனித்தனியாக எழுதினேன். பச்சை வந்தது, நீலமும் வந்தது. ஆற்றில் போன பெண்ணின் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாமலே போனது, அதுவரைக்கும் நல்லது. பெற்றவர்களிடமிருந்து வருவதற்குப் பலம் குறைவு என்று எழுதியிருந்தாயே, உனக்கு ஏற்ற தொழிலாகத்தான் பார்த்துப் பிடித்திருக்கிறாய்.

சுல்ஃபோ மாமாவின் அறிவிப்பைப் புதிதாக அடித்து எடுத்துக்கொண்டு ராபியா அத்தை வீட்டுக்குப் போனேன். உள்ளே இறந்தவருக்காக ஹல்வா கிண்டும் வாசனை. அத்தை காகிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கண்ணாடி அலமாரியில் வைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. காபி மட்டும் ஊற்றினாள். பாதி குடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்கப்பனுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். இவரு யாருன்னு தெரியாதா என்று கேட்ட அதே வாய்தான்.

அப்பாவைக் கேட்டேன். நேராகக் கேட்க வராமல், சுல்ஃபோ மாமாவின் கதையைச் சொல்லி, உன் வரியின் கதையையும் சொல்லி, சுற்றி வளைத்துத்தான் வந்து சேர்ந்தேன். அவர் சிரித்தார், சிரித்ததும் இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் சொன்னார்:

"நான் என்ன எந்திரிச்சு வந்து பலகையைப் பாக்கப்போறேனா? எந்த நெறமா இருந்தா எனக்கென்ன. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணா சொல்லுங்க, அது போதும்."

இதைவிடக் கஷ்டமானதை அவர் கேட்டிருக்க முடியாது.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தொழப் போனதில்லை, சரி. ஆனால் அவருடைய அப்பாவும் அம்மாவும் மேட்டுக் கபரஸ்தானில் அடக்கமாகியிருக்கிறார்கள், அவர் இடமும் அங்கேதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். பைரம் பெருநாள்தோறும் நம்மைக் கூட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஏறி, அவர்கள் கல்லறை முன்னால் நம் பக்கம் திரும்பாமல் நிற்பாரே, அந்த முதுகு எனக்கு ஞாபகம் இருக்கிறது. கறுப்பு போட்டால் அந்த முதுகே இல்லை என்று நான் சொன்னது மாதிரி ஆகிவிடும். அம்மாவுக்கு அவளுடையதைக் கொடுத்தோம், இவருக்கு ஏன் ஒன்றுமில்லாததைக் கொடுக்க வேண்டும்? இரண்டு கரை என்றால் இரண்டு பக்கம் என்று யார் சொன்னது? அந்தக் கதவைத் தட்டினார்களே, அவர்கள் சொன்னது அது. நீ அதை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டாய்.

கோபமாக எழுதவில்லை. களைப்பாக எழுதுகிறேன்.

யாஸ்மிங்கா


கிராட்ஸ்
மார்ச் 22

அக்கா,

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன், அலுவலகத்தில் படித்தேன். பதில் எழுதி எழுதி அழித்தேன்.

நீ சொன்னதில் ஒரு இடம் சுருக்கென்று தைத்தது. கதவைத் தட்டியவர்களிடமிருந்து நான் வாங்கிக்கொண்டுவிட்டேன் என்றாயே, அது. ஆனாலும் பச்சை என்று எழுத என் கை வரவில்லை. இத்தனை வருடம் கறுப்பு என்று பிடித்த பிடி.

அப்பா "ஒண்ணா சொல்லுங்க" என்றாரே, அதற்காகவாவது சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் அலுத்துப்போய்ச் சொல்லும் சரி எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

ஈஸ்டருக்கு லீவு கேட்டிருக்கிறேன். வந்தால் வீட்டில் தங்கலாமா, ஓட்டல் பார்க்கட்டுமா?

ஆலென்


மருத்துவமனையிலிருந்து
ஏப்ரல் 2

ஆலென்,

அப்பா போய்விட்டார். இன்று காலை, தேநீருக்குக் கப்பை நீட்டிய கையோடு. வலி இல்லை. காது கேளாதவர்தான் மணியை அடித்துத் தாதியைக் கூப்பிட்டிருக்கிறார்.

இரண்டு முறை போன் செய்தேன், நீ கூட்டத்தில் இருக்கிறாய் என்றார்கள். ஜனாஸா நாளை நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. இன்றைக்கு பஸ் பிடித்தால் காலையில் வந்துவிடுவாய். ஓட்டல் பார்க்கிறானாம் ஓட்டல். உன் கட்டிலுக்கு விரிப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

இதைக் கவனமாகப் படி. அப்பாவின் அறிவிப்பைத் தயார் செய்து தளத்தில் வைத்துவிட்டேன், இன்னும் வெளியிடவில்லை. கரையின் மேல் பச்சை என்று எழுதியிருக்கிறேன். மற்றவர்களுக்கு எழுதிய மாதிரி ஸ்டைல் போட்டு இல்லை, ஆணி அடிக்கவில்லை. பழைய மாதிரி, நீ சொன்னாயே வேண்டுகோள் என்று, அப்படி. பிறை போடவில்லை, நட்சத்திரம் போடவில்லை. உன் வரியும் அது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

ஆகவே இப்போது திறந்து பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும், நீ கேட்ட வெறும் கறுப்பு. உன் வரி இருந்தால் அப்படியே இருக்கும். நீ எடுத்துவிட்டால் பச்சை வரும். எதுவானாலும் நாளைக் காலையில் அதைத்தான் நான் அடித்து ஒட்டுவேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அப்பா கேட்டது ஒன்றாகச் சொல்வதைத்தான், அதற்கு எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

பாஸ்வேர்டு: சாப்பாட்டுக்கு நம்மைக் கூப்பிட அம்மா ஜன்னலில் நின்று கத்துவாளே, அது. இடைவெளி விடாமல் சேர்த்து எழுது.

அக்கா


பஸ்ஸிலிருந்து, மாரிபோர் தாண்டி
ஏப்ரல் 2

அக்கா,

போனில் அடிக்கிறேன், எழுத்து அங்கே இங்கே போகும், பொறுத்துக்கொள்.

பாஸ்வேர்டு முதல் முறையே திறந்துகொண்டது. அதை அடித்து முடித்ததும் சாப்பாடு ஆறிவிடும் என்கிற மாதிரி ஒரு பதற்றம் வந்தது, பிறகு அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாவின் அறிவிப்பைத் திறந்தேன். கறுப்புக் கரை, வெறும் கரை. நான் கேட்டது அப்படியே. நான் இத்தனை நாள் கேட்டது. ஃபெஹிம் என்ற அப்பாவின் பெயரைச் சுற்றி யாருக்கோ போட்ட கோடு மாதிரி இருந்தது. ராபியா அத்தை உன்னிடம் கேட்டாளே ஒரு கேள்வி, அதை நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

என் வரியை எடுத்துவிட்டேன்.

பச்சை வந்தது. நான் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்தேன், வந்துகொண்டே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் திரையைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. அவர் எந்த ஊர், நான் யார், ஒன்றும் கேட்கவில்லை. போன் திரையில் பெயர் அவர் படிக்கும் அளவுக்குப் பெரிதாகக்கூட இல்லை. "அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும், தம்பி. அப்பாவா?" என்றார். ஆமாம் என்றேன். கையை ஏந்தி வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டு முகத்தில் தடவிக்கொண்டார். அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் அவருக்கு என்ன சொல்வது என்று தெரிந்தது. அறிவிப்பு வெறும் கறுப்பாக இருந்திருந்தால் சும்மா உட்கார்ந்திருப்பார். எனக்கு அது தேவைப்பட்டது அக்கா, இவ்வளவு தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

கேட்காமல் ஒன்று செய்தேன். தளத்தில் அப்பாவுக்கான பக்கத்திலேயே, அவருடைய அறிவிப்புக்கு அருகில் அம்மாவின் அறிவிப்பையும் வைத்தேன். கறுப்பு கறுப்பாக இருக்கிறது, பச்சை பச்சையாக இருக்கிறது. பிறகு வெளியிட்டுவிட்டேன்.

காலையில் பசையைக் கலக்கி வை, பலகையில் நான் ஒட்டுகிறேன். அடியில் இருக்கும் மெழுகுவத்தியும் தொலைபேசியும் மறுபடி ஆளுக்கொரு நிறத்தில் நிற்கின்றன, தொலைபேசி அதே ஆரஞ்சு. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆலென்